கோப்ரா கிட் கார்: கதவு இடைவெளி மேலே 11, கீழே 3. பட்டி போட்டு மறைத்துவிடலாமா?

அரைகுறை வண்டி | நவம்பர் 9, இரவு 10:40

வணக்கம். இங்கிலாந்தில் கோவென்ட்ரி பக்கம் இருக்கிறேன். ஒருவர் பாதியில் கைவிட்ட கோப்ரா ரெப்ளிகாவை, அதாவது பழைய கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து நாமே பாகம் சேர்த்துக் கட்டும் நகலை, போன மாதம் வாங்கினேன். ஏணி மாதிரி சேசிஸ், பழைய ஜாகுவார் எக்ஸ்ஜே6 சஸ்பென்ஷன், ரோவர் 3.5 லிட்டர் வி8. என்ஜினும் கியர்பாக்ஸும் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. பாடி ஃபைபர்கிளாஸ், ஒரே பெரிய வார்ப்பு. கதவுகள், பானட், டிக்கி மூடி தனித்தனி.

வாங்கும்போது இருட்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து பகலில் பார்த்தால் தலை சுற்றுகிறது.

வலது கதவின் பின் ஓரத்தில் இடைவெளி மேலே 11 மி.மீ., கீழே 3. அதே கதவின் கீழ்ப் பின்மூலை பாடியை விட 6 மி.மீ. வெளியே துருத்துகிறது. பானட் இடது பக்கம் 9, வலது பக்கம் 4. டிக்கி மூடி பரவாயில்லை. இடது கதவு ஓரளவு சரி.

விற்றவர் "அதெல்லாம் பட்டி பார்த்தால் போதும்" என்று சொல்லியிருந்தார். ஒரு பெரிய டப்பா பட்டியும் இலவசமாகக் கொடுத்தார். போடலாமா?

உப்புத்தாள் | நவம்பர் 9, இரவு 11:15

போடாதீர்கள். அந்த டப்பாவை அலமாரியில் பூட்டி வையுங்கள்.

பட்டி பள்ளம் நிரப்பத்தான், அதுவும் 2, 3 மி.மீ. வரை. ஓரத்தைக் கட்ட அது ஆகாது. உள்ளே நார் இல்லை, வெறும் தூளும் ரெசினும் (இறுகிக் கெட்டியாகும் பிசின்). கதவு ஓரத்தில் 6 மி.மீ. பட்டி கட்டினால் பெயிண்ட் அடித்த அன்று அழகாக இருக்கும். பத்தாவது தடவை கதவைச் சாத்தும்போது ஒரு துண்டு உங்கள் காலடியில் கிடக்கும். என் முதல் வண்டியில் அப்படித்தான் ஆனது. வலது பானட் மூலை ஒரு வேகத்தடையில் கழன்றது. திரும்பிப்போய் ரோட்டில் தேடினேன், கிடைக்கவில்லை.

ஓரம் குறைந்தால் மேட்டும் (கண்ணாடி நார் விரிப்பு) ரெசினும் வைத்து உண்மையான ஃபைபராகவே வளர்க்க வேண்டும். அதிகமானால் அறுக்க வேண்டும். வேறு வழி இல்லை.

மூன்றாம் கியர் | நவம்பர் 10, காலை 7:50

மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு தகவல். 1962இல் கரோல் ஷெல்பி, ஏசி கம்பெனியின் ஏஸ் வண்டியில் ஃபோர்டு வி8 இறக்கி கோப்ராவைக் கொண்டுவந்தபோது பாடி அலுமினியத் தகடு, கையால் தட்டியது. இடதும் வலதும் கூட அச்சாக ஒன்றுபோல் இருக்காது. நீங்கள் 4 மி.மீ. சீராகக் கொண்டுவந்தால் அசலைவிட நேர்த்தி.

ஃபைபர் என்றால் அமெரிக்காவின் 1953 செவர்லே கார்வெட்டையும் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில் 300 வண்டிதான், ஃபைபர் துண்டுகளை ஒட்டிச் சேர்த்த பாடி. பெரிய கம்பெனிக்கே அது லேசான வேலையாக இருக்கவில்லை.

படகுப் பட்டறை | நவம்பர் 10, மதியம் 2:05

தம்பி, கதவைத் தொடாதே. பானட்டையும் தொடாதே. முதலில் பாடி சேசிஸ் மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்.

நான் கார் கட்டியவன் இல்லை. நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகு வேலை பன்னிரண்டு வருடம், இப்போது ஷார்ஜாவில் அதே வேலை. சுனாமிக்குப் பிறகு ராத்திரி பகலாக அச்சிலிருந்து படகு எடுத்த காலம் ஒன்று உண்டு. சீக்கிரம் கழற்றிய படகு அடுத்த வாரம் எப்படி முறுக்கிக்கொள்ளும் என்பதைக் கண்ணால் பார்த்தவன். ரெசின் இறுகும்போது சுருங்கும். கெட்டியான பிறகும் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் எதன் மேல் வைத்தாயோ அந்த வடிவம்தான் நிலைக்கும். உன் கதவு முறுக்கியிருப்பது அச்சிலிருந்து பச்சையாக எடுத்ததால் இருக்கலாம்.

ஆனால் மேலே 11, கீழே 3 என்பது வேறு மாதிரி தெரிகிறது. அது முறுக்கு இல்லை, சாய்வு. கதவுக்குப் பின்னால் இருக்கிற பாடியை யாரோ கீழே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பின்பக்கம் கீழே போனால் கதவு வாசல் மேலே விரியும், கீழே ஒடுங்கும். கதவுக்குப் பின்னால் உள்ள போல்ட்டுகளைப் பார்த்துவிட்டு வா.

அரைகுறை வண்டி | நவம்பர் 10, இரவு 9:30

அண்ணே, பார்த்தேன். வலது பின்பக்கம் ஒரு போல்ட்டில் வாஷர் ஃபைபருக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. சுற்றிலும் சிலந்திவலை மாதிரி கீறல். இன்னும் தளர்த்தவில்லை, பயமாக இருந்தது.

படகுப் பட்டறை | நவம்பர் 10, இரவு 9:52

பயப்படாதே, அதுதான் திருடன்.

செய்ய வேண்டியது: வண்டி அதன் நான்கு டயரிலும் நிற்கட்டும், ஸ்டாண்டில் வேண்டாம். டயர் காற்று சமமாக இருக்கட்டும். தரையில் ரசமட்டம் வைத்துப் பார், சரிவு இருந்தால் டயருக்கு அடியில் பலகை கொடு. சேசிஸின் மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடித்து இரண்டு நீளமும் ஒன்றா என்று அள. அது சரியாக இருந்தால் பாடி போல்ட் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, ஒரு ராத்திரி அப்படியே விடு. காலையில் பாடி சேசிஸ் மேல் உட்காருகிற ஒவ்வொரு தாங்கலிலும் ஒரு காகிதத்தை நுழைத்துப் பார். எங்கே காகிதம் தாராளமாகப் போகிறதோ அங்கே வெற்றிடம். அந்த வெற்றிடத்தை போல்ட் போட்டு இழுத்து மூடக்கூடாது. தகடு வைத்து நிரப்ப வேண்டும்.

அரைகுறை வண்டி | நவம்பர் 12, மாலை 6:20

ராத்திரி தூங்கவில்லை, காலை ஆறு மணிக்கே கராஜுக்குப் போய்விட்டேன்.

வலது பின் தாங்கலில் 9 மி.மீ. வெற்றிடம்! முந்தைய ஆள் அதைப் போல்ட்டாலேயே கீழே இழுத்திருக்கிறார். தளர்த்தியதும் கதவு இடைவெளி மேலே 7, கீழே 5 ஆகிவிட்டது. கதவை நான் தொடவே இல்லை. பானட் இடைவெளி கூட 9/4 என்பதிலிருந்து 8/5 ஆனது.

அலுமினியத் தகடு வெட்டி 9 மி.மீ. அடுக்கு வைத்திருக்கிறேன். போல்ட்டுக்குச் சின்ன வாஷருக்குப் பதில் அகலமான வாஷர். கை இறுக்கத்துக்கு மேல் கால்வாசிச் சுற்று மட்டும். கீறல் விட்ட இடத்தை என்ன செய்வது?

உப்புத்தாள் | நவம்பர் 12, இரவு 7:45

கீறலின் மேல் பெயிண்ட் அடித்தால் ஆறு மாதத்தில் அதே சிலந்திவலை பெயிண்டில் தெரியும். ஜெல்கோட் (ஃபைபரின் வழுவழுப்பான மேல்பூச்சு) கீறியிருக்கிறது என்றால் அடியில் உள்ள மேட்டும் நைந்திருக்கலாம். கிரைண்டரால் வெள்ளை நார் தெரியும் வரை எடுத்து, அடியிலிருந்து இரண்டு அடுக்கு மேட் வையுங்கள். மேலே ஒரு அடுக்கு போட்டு மட்டம் செய்யுங்கள்.

முகமூடி கட்டாயம். துணி கட்டிக்கொண்டு செய்வதாக எழுதினால் இந்த உரையாடலை விட்டே போய்விடுவேன். கண்ணாடி நாரின் தூள் நுரையீரலுக்குள் போகக்கூடாது. முழுக்கைச் சட்டை போடுங்கள், கழுத்தில் துண்டு சுற்றுங்கள். வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் குளியுங்கள். வெந்நீர் ஊற்றினால் அரிப்பு ஊரைக் கூட்டும்.

புதிய உறுப்பினர் 12 | நவம்பர் 13, காலை 10:10

இதை நம்ம ஊரில், அதாவது சென்னையில் செய்து ரோட்டில் ஓட்டலாமா?

மூன்றாம் கியர் | நவம்பர் 13, காலை 11:00

வண்டியின் அமைப்பை உற்பத்தியாளரின் அசல் விவரத்துக்கு மாறாக மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. கராஜில் வைத்துப் பார்க்கலாம், பொது ரோடு கஷ்டம். பிரிட்டனில் ஐவிஏ என்று தனிவண்டிச் சோதனை இருக்கிறது. அதில் தேறினால் நம்பர் கிடைக்கும்.

தொடங்கியவரே, ஐவிஏ என்றதும் நினைவுக்கு வருகிறது. வெளியே தெரிகிற ஓரங்கள் கூர்மையாக இருந்தால் தேற மாட்டீர்கள். குறைந்தது 2.5 மி.மீ. ஆரம் உருண்டிருக்க வேண்டும். பானட் ஓரத்தை வளர்க்கும்போதே அந்த உருட்டலுக்கும் சதை வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேய்த்து உருட்டினால் இடைவெளி மறுபடி அகலமாகிவிடும்.

அரைகுறை வண்டி | நவம்பர் 16, இரவு 8:30

கதவுக்கு வந்துவிட்டேன். கீல் ஓட்டைகளை நீட்டி மேலும் கீழும் நகர்த்தியதில் இடைவெளி சீராகிவிட்டது, மேலே 6, கீழே 6. ஆனால் கீழ்ப் பின்மூலை இன்னும் 5 மி.மீ. வெளியே. கதவே முறுக்கிக் கிடக்கிறது. தரையில் படுக்க வைத்தால் ஒரு மூலை ஆடுகிறது.

மூன்றாம் கியர் | நவம்பர் 16, இரவு 9:05

சூடு காட்டுங்கள். சாதாரண பாலியெஸ்டர் ரெசின் 60, 70 டிகிரியில் விறைப்பை இழக்கும். ஒரு அகச்சிவப்பு விளக்கு, இரண்டு மரக்கட்டை, ஒரு கிளாம்ப். தேவைக்கு மேல் கொஞ்சம் எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடித்து அப்படியே ஆற விடுங்கள்.

உப்புத்தாள் | நவம்பர் 16, இரவு 9:20

மறுக்கிறேன். சூட்டில் வளைந்தது சூட்டில் திரும்பும். ஜூலை மாதம் கருநீல வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு மதியம் வந்து பாருங்கள், கதவு பழைய நினைவுக்குப் போயிருக்கும். 1, 2 மி.மீ. என்றால் சரி. 5 மி.மீ.க்கு அறுவைதான்.

மூன்றாம் கியர் | நவம்பர் 16, இரவு 9:31

என் வண்டியின் டிக்கி மூடியைச் சூடு வைத்துத்தான் சரி செய்தேன். நான்கு வருடமாக அப்படியே இருக்கிறது.

உப்புத்தாள் | நவம்பர் 16, இரவு 9:40

உங்கள் வண்டி வெள்ளை.

மூன்றாம் கியர் | நவம்பர் 16, இரவு 9:42

சரி, அது உண்மைதான்.

படகுப் பட்டறை | நவம்பர் 17, காலை 6:15

இரண்டு பேரும் சண்டை போடாதீர்கள். கதவு எப்படிச் செய்கிறார்கள் என்று யோசியுங்கள். வெளித்தோல் ஒன்று, உள்தோல் ஒன்று, இரண்டையும் ஓரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். முறுக்கைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒட்டுதான். பெட்டி மாதிரி ஆகிவிட்டதால் விறைப்பு.

ஆகவே கீழ் ஓரத்திலும் பின் ஓரத்திலும் உள்தோலை ஒட்டு ஓரமாக ஒரு பிளேடு கனத்துக்கு அறுத்துவிடு. இரண்டு தோலும் பிரிந்ததும் கதவு துணி மாதிரி ஆகிவிடும். வண்டியிலேயே மாட்டி, பூட்டைப் போட்டு, வெளித்தோல் பாடியோடு மட்டமாகும் வரை கட்டை வைத்து அழுத்திப் பிடி. அந்த நிலையிலேயே உள்ளிருந்து கை எட்டுகிற இடத்தில் துண்டு துண்டாக மேட் வைத்து ஒட்டு. அது இறுகிய பிறகுதான் கதவைக் கழற்றி மீதி அறுப்பை மூட வேண்டும். படகில் முறுக்கிய மூடியையும் இப்படித்தான் எடுப்போம்.

ஒட்டுவதற்கு முன் உள்பக்கம் 40 நம்பர் உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கு. அசிட்டோன் போட்டுத் துடை. பழைய ஃபைபர் மேல் புது ரெசின் வேதியியலால் பிடிக்காது, சொரசொரப்பால்தான் பிடிக்கும்.

அரைகுறை வண்டி | நவம்பர் 23, இரவு 10:00

செய்தேன் அண்ணே. கையெல்லாம் அரிப்பு, ஆனால் கதவு மட்டமாகிவிட்டது. மூலையில் அரை மி.மீ.தான் மிச்சம்.

ஒரு சந்தேகம். முதல் நாள் வைத்த ரெசின் இறுகவே இல்லை. மறுநாளும் பசை மாதிரி இழுத்தது. கடைசியில் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். கராஜில் 7 டிகிரி. அதனால்தானா?

படகுப் பட்டறை | நவம்பர் 24, காலை 5:50

அதனால்தான். 15 டிகிரிக்குக் கீழே ரெசினைத் தொடாதே. எங்களுக்கு நாகையில் எதிர்க் கஷ்டம், மதியம் கலக்கினால் டப்பாவிலேயே கல்லாகிவிடும். குளிருக்குப் பயந்து ஹார்டனரை (ரெசினை இறுகவைக்கும் திரவம்) அள்ளி ஊற்றுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் மொறுமொறுவென்று ஆகி உடையும். எடையில் 1 முதல் 2 சதவீதம், தராசு வைத்து அள. கராஜைச் சூடாக்கு. பாடியையும் சேர்த்துச் சூடாக்கு. காற்று மட்டும் சூடாகி ஃபைபர் ஜில்லென்று இருந்தால் பயன் இல்லை.

திறந்த நெருப்பு ஹீட்டர் வேண்டாம், ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவி தீப்பிடிக்கும். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வை போகும், கண்ணாடி போடு. இன்னொன்று. உங்கள் ஊரில் ரெசினிலேயே கோபால்ட், அதாவது இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்ஸிலரேட்டர், கலந்து வருகிறது என்று நினைக்கிறேன், டப்பாவில் எழுதியிருக்கும். இங்கே ஆக்ஸிலரேட்டர் தனி பாட்டிலில் வரும். அதையும் ஹார்டனரையும் நேராக ஒன்றில் ஒன்று ஊற்றினால் வெடிக்கும். பட்டறையில் புதுப் பையனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதுதான், ரெசின் வைப்பது இரண்டாம் நாள்.

உப்புத்தாள் | நவம்பர் 24, காலை 8:30

மேல்பரப்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேறு விஷயம். சாதாரண ரெசினில் காற்று படுகிற பரப்பு கொஞ்சம் பசையாகவே இருக்கும், அடுத்த அடுக்கு பிடிக்க அதுவே நல்லது. கடைசி அடுக்கில் மட்டும் மெழுகு கலந்த ரெசின் போட்டால் காய்ந்துவிடும், உப்புத்தாளும் அடைக்காது.

பானட்டுக்குப் போகிறீர்களா?

அரைகுறை வண்டி | நவம்பர் 24, இரவு 9:15

ஆமாம். இடது பக்கம் 8 மி.மீ. பானட்டை நகர்த்தி 6.5 / 6.5 ஆக்கலாம். ஆனால் எனக்கு 5 வேண்டும். எபாக்ஸி என்ற வேறு வகை ரெசினால் வளர்க்கலாமா? கடைக்காரர் அதுதான் உறுதி என்கிறார்.

உப்புத்தாள் | நவம்பர் 24, இரவு 10:05

உறுதிதான், பழைய பாலியெஸ்டர் மேல் அருமையாகப் பிடிக்கும். ஆனால் இரண்டு சிக்கல். சாதாரண வெட்டுநார் மேட்டைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் கரையாது, மேட் அட்டை மாதிரி நிற்கும். நெய்த கண்ணாடி நார்த் துணிதான் போட வேண்டும். இரண்டாவது, எபாக்ஸி போட்ட பிறகு அதன் மேல் பாலியெஸ்டர் ரெசினோ ஜெல்கோட்டோ சரியாக இறுகாது, பிடிக்காது. ஒரு இடத்தில் எபாக்ஸி என்றால் அங்கே கடைசி வரை எபாக்ஸி. உங்களுக்குப் பாலியெஸ்டரே போதும்.

ஓரத்திலிருந்து உள்ளே ஜெல்கோட்டை முழுக்க எடுங்கள். 3 மி.மீ. கனத்துக்கு 36 மி.மீ. அகலத்தில் சரிவாகச் சீவுங்கள், ஒன்றுக்குப் பன்னிரண்டு. சரிவு நீளமாக இருந்தால்தான் பிடிப்பு. எதிரே இருக்கும் பாடி ஓரத்தில் பார்சல் ஒட்டும் பழுப்பு டேப் ஒட்டுங்கள், ரெசின் அதில் பிடிக்காது. பிறகு மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்து வையுங்கள். கிழித்த ஓரத்தில் நார் பரவி பழையதோடு கலந்துவிடும், வெட்டிய ஓரம் கோடு போட்ட மாதிரி பெயிண்டில் காட்டிக்கொடுக்கும். இடைவெளியை முழுக்க அடைத்துவிடுங்கள். இறுகிய பிறகு அறுத்து 5 மி.மீ. திறக்கலாம்.

அரைகுறை வண்டி | டிசம்பர் 1, மாலை 4:40

சிரிக்காதீர்கள். பானட் திறக்கவில்லை.

படகுப் பட்டறை | டிசம்பர் 1, மாலை 4:55

டேப் எங்கே ஒட்டினாய்?

அரைகுறை வண்டி | டிசம்பர் 1, மாலை 5:02

பாடி ஓரத்தில் ஒட்டினேன். அடியில் பானட் உட்காரும் படிக்கட்டு மாதிரி ஒன்று இருக்கிறதே, அதில் ஒட்டவில்லை. ரெசின் வழிந்து அங்கே இறங்கிவிட்டது.

படகுப் பட்டறை | டிசம்பர் 1, மாலை 5:10

சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். எங்கள் பட்டறையில் ஒரு தடவை முழுப் படகையே அச்சோடு ஒட்டவைத்தான் ஒருவன். உனக்கு இது ஒரு விரக்கடை.

ஹேக்சா பிளேடைக் கழற்றி ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, இடைவெளி வழியாக மெதுவாக அறு. நெம்பாதே. நெம்பினால் ஜெல்கோட் சில்லு சில்லாகப் போகும். எப்படியும் அந்த இடைவெளியை அறுக்கத்தான் போகிறாய், ஒரே வேலையில் இரண்டும் முடிந்தது என்று வைத்துக்கொள்.

அரைகுறை வண்டி | டிசம்பர் 2, இரவு 11:20

மூன்று மணி நேரம். நான்கு பிளேடு. திறந்துவிட்டது. ஒரே இடத்தில் ரூபாய் அகலத்துக்கு ஜெல்கோட் போனது.

இடைவெளியைச் சீராக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். 4 மி.மீ. கனமுள்ள மரப்பட்டை ஒன்றின் இரு பக்கமும் 80 நம்பர் உப்புத்தாள் ஒட்டி, பானட்டை மூடியபடியே இடைவெளிக்குள் விட்டு ரம்பம் மாதிரி இழுத்தேன். தாளின் கனத்தோடு சேர்த்து கிட்டத்தட்ட 5 வருகிறது. இரண்டு ஓரமும் ஒரே நேரத்தில் தேய்வதால் வளைவிலும் இணையாகவே போகிறது.

உப்புத்தாள் | டிசம்பர் 3, காலை 7:35

அதுதான் சரியான வழி, நான் சொல்ல மறந்துவிட்டேன். 5இல் நிறுத்துங்கள், 4க்கு ஆசைப்படாதீர்கள். ஒவ்வொரு ஓரத்திலும் ப்ரைமரும் பெயிண்டும் சேர்ந்து இடத்தைத் தின்னும். வெறும் ஃபைபரில் இறுக்கமாக வைத்தால் பெயிண்டுக்குப் பிறகு ஓரம் ஓரத்தோடு உரசி உரியும்.

ப்ரைமர் அடித்ததும் உடனே கலருக்குப் போகாதீர்கள். புது ஃபைபர் இன்னும் சுருங்கும், மேட்டின் நார்க்கோலம் மேலே எழும்பித் தெரியும். கொஞ்ச வாரம் சூடான இடத்திலோ வெயிலிலோ இருக்கட்டும்.

மூன்றாம் கியர் | டிசம்பர் 3, காலை 9:00

இங்கிலாந்தில், டிசம்பரில், வெயில். நல்ல ஆலோசனை.

அரைகுறை வண்டி | மார்ச் 29, மாலை 5:30

நீண்ட நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். குளிர் முழுக்க வண்டி ப்ரைமரோடு நின்றது. உப்புத்தாள் சொன்னது நடந்தது. ஜனவரியில் பானட்டின் புது ஓரத்தில் நார்க்கோலம் லேசாக எழும்பியது. பிப்ரவரியில் தேய்த்தேன். மெல்லிசாக ஒரு கை பட்டி போட்டேன். ஆமாம், அந்த இலவச டப்பாவிலிருந்துதான், ஒரு மி.மீ.க்கும் குறைவாக. பிறகு வரவில்லை.

இன்றைய அளவுகள்: வலது கதவு மேலே 5, நடுவே 5, கீழே 5.5. இடது கதவு 5, 5, 5. பானட் சுற்றிலும் 5, ரேடியேட்டர் மூலையில் மட்டும் 6. டிக்கி மூடி வலது பக்கம் ஒரு மி.மீ. அதிகம். அதை அப்படியே விடுகிறேன். மூன்று தடவை மேட்டை எடுத்துவிட்டு திருப்பி வைத்துவிட்டேன்.

ஒரு விஷயம் யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நவம்பர் 9 அன்று அந்தப் பட்டியைப் போட்டிருந்தால் முறுக்கிக் கிடந்த பாடிக்கு ஏற்றபடி எல்லா ஓரத்தையும் கட்டியிருப்பேன். பிறகு என்றைக்காவது அந்தப் பின் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால் கதவே மூடியிருக்காது.

அடுத்த வாரம் பெயிண்ட். கருநீலம் என்று வாங்கி வைத்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், வெளிர்நீலம் அடிக்கிறேன்.

மூன்றாம் கியர் | மார்ச் 29, மாலை 6:10

அப்படியென்றால் நவம்பரில் கதவைச் சூடு வைத்தே திருத்தியிருக்கலாம்.

உப்புத்தாள் | மார்ச் 29, மாலை 6:12

ஆரம்பிக்காதீர்கள்.

படகுப் பட்டறை | மார்ச் 30, காலை 5:40

தம்பி, பெயிண்ட் கடைக்கு அனுப்பும்போது கதவு, பானட் எல்லாவற்றையும் கழற்றித்தான் அடிப்பார்கள். அதற்கு முன் கீலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொரு தாங்கலிலும் எத்தனை தகடு என்று எழுதி வைத்துக்கொள். வலது பின் தாங்கல் 9 மி.மீ. என்பதை மட்டும் சேசிஸிலேயே எழுது, காகிதம் தொலையும்.